மூன்று அறிகுறிகளும் ஒரு ஸ்கேனும்: அடிபட்ட கல்லீரலில் பித்தநாள இரத்தக்கசிவு கண்டறியப்பட்ட வரலாறு

அடிபட்ட கல்லீரலுக்குள் இரத்தக்குழாய் கிழிந்து, அந்த இரத்தம் பித்தநாளம் வழியாகக் குடலில் இறங்கும் நிலையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஹைன்ரிக் குவிங்கேயின் 1871ஆம் ஆண்டுக் கட்டுரையையே அடித்தளமாகக் கொள்கிறார்கள். வலப்பக்க மேல்வயிற்று வலி, மஞ்சள் காமாலை, வாந்தியிலோ மலத்திலோ இரத்தம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் இந்த நோயைச் சந்தேகிக்க வேண்டும், ஸ்கேன் அதன் பிறகு வரும் உறுதிப்பாடு மட்டுமே என்பது அவர்கள் வாசிப்பு. இதை ஏற்பதற்கில்லை. குவிங்கே எழுதியது கல்லீரல் தமனியில் ஏற்பட்ட அனீரிசம் (தமனிச் சுவரின் வீக்கம்) பற்றி. கட்டுரைத் தலைப்பே அதைச் சொல்கிறது. அதற்கு முன்பே 1848இல் கிழிந்த கல்லீரல் ஒன்றைப் பற்றி எழுதியவர் ஓவன். 2001இல் கிரீனும் உடனாசிரியர்களும் 222 நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மூன்று அறிகுறிகளும் ஒருங்கே இருந்தவர்கள் சுமார் 22 விழுக்காடுதான். அந்தத் தொகுப்பில் பெரும்பகுதி மருத்துவச் செயல்முறைகளால் வந்த கசிவு என்பதால், விபத்துக் காயத்துக்கு இந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் மூன்றும் ஏன் சேர்ந்து வருவதில்லை என்பதற்கான காரணம் இரு வகைக்கும் பொதுவானது. இரத்தம் வேகமாகப் பாய்ந்தால் உறையாமல் குடலுக்குப் போய்விடும். நாளம் அடைபடாது, காமாலையும் தோன்றாது. மெதுவாகக் கசிந்தால் நாளத்திலேயே கட்டியாகி வலியையும் காமாலையையும் தரும். வெளியே வரும் இரத்தமோ கண்ணுக்குப் படாத அளவே இருக்கலாம்.

இங்கே 1654இல் ஃபிரான்சிஸ் கிளிசன் வெளியிட்ட கல்லீரல் நூலின் குறிப்பொன்றைக் கவனிக்க வேண்டும். வாள்சண்டையில் வலப்பக்க மேல்வயிற்றில் அடிபட்ட இளம்பிரபு ஒருவர் பின்னர் உணவுப்பாதை வழியே இரத்தம் போய் இறந்தார். பிற்கால நூல்கள் இதைச் சுருக்கிச் சொல்லும்போது இரத்தப்போக்குதான் முன்னிற்கிறது, காமாலை அல்ல. சொல்லப்படாததை வைத்து அது இல்லவே இல்லை என்று முடிவுகட்ட இயலாது, சான்று மெலிந்தது. ஆனால் இந்த நோயின் முதல் பதிவாகப் பலரும் காட்டும் குறிப்பை மூன்று அறிகுறிச் சட்டத்துக்குள் அடைக்க அந்த மெலிந்த சான்றும் இடம் தரவில்லை. 1948இல் பிலிப் சாண்ட்ப்ளோம் இந்நோய்க்கு இன்றைய பெயரை இட்டபோதும் அவர் தொடங்கியது காயத்திலிருந்துதான்.

ஆகவே தேட வேண்டியது கல்லீரலுக்குள் இருக்கும் கசிவிடத்தை. அதை உடலைத் திறக்காமல் பார்க்கும் வழி, 1958இல் கிளாஸ்கோவில் இயன் டொனால்டும் உடன் பணியாற்றியவர்களும் அல்ட்ராசவுண்ட் படங்களை லான்செட் இதழில் வெளியிட்ட பிறகே விரிந்தது. பித்தப்பையில் புது இரத்தக்கட்டி வெளிறிய திரளாகத் தெரியும். கல்லுக்குப் பின்னால் விழும் நிழல் அதற்குப் பின்னால் விழாது. பித்த வண்டல் என்று ஏமாறவும் வாய்ப்புண்டு. நாளாக ஆகக் கட்டி கரைந்து அதன் தோற்றமும் மாறும். இரத்த ஓட்டத்தை நிறங்களில் காட்டும் வண்ண டாப்ளர் வந்தபின், கிழிந்த தமனிக்கு வெளியே இரத்தம் தேங்கி உருவாகும் போலி அனீரிசமே கண்ணில் பட்டது: வட்டத்தின் ஒரு பாதி சிவப்பு, மறுபாதி நீலம், அதன் கழுத்தில் முன்னும் பின்னுமாக ஓடும் இரத்தம். சி.டி. ஆஞ்சியோ இதைவிடத் துல்லியம், அல்ட்ராசவுண்ட் செய்பவர் கையைப் பொறுத்தது என்ற மறுப்பு நியாயமானதே. தெளிவான டாப்ளர் படம் இல்லாததால் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் படுக்கை அருகிலேயே, கதிர்வீச்சும் சாய மருந்தும் இன்றி, திரும்பத் திரும்பச் செய்யக்கூடியது அது. நாட்கள் கழித்து வெளிப்படும் நோய்க்கு இந்தத் திரும்பச் செய்யும் வசதியே முதன்மையானது.

சாலை விபத்தில் அடிபட்டோர் வரும் இடங்களுக்கு, எடுத்துக்காட்டாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள கோவளத்துக்கு, இது நேரடியாகப் பொருந்துகிறது. அதே மாவட்டத்தின் மேல்மருவத்தூரில் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் விபத்தின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி ஏற்கிறது. உள்வயிற்று இரத்தப்போக்கில் பல உயிர்கள் அந்த நேரத்தில்தான் போகின்றன என்பதால் இது மிகச் சரியான ஏற்பாடு. ஆனால் பித்தநாளக் கசிவு பல சமயம் நாட்கள், வாரங்கள் கழித்தே வெளிப்படும். முதல் நாள் ஸ்கேன் தேடுவது வயிற்றறையில் தேங்கிய இரத்தத்தை. கல்லீரலுக்குள் பின்னர் உருவாகும் போலி அனீரிசத்தை அல்ல. விபத்தில் வண்டியின் ஹேன்டில்பார் வயிற்றில் குத்தி, சிகிச்சைக்குப் பின் வீடு திரும்பிய ஒருவர் கருமலத்தோடு மீண்டும் வந்தால், அவரைக் குடற்புண் என்று அனுப்பிவிடக் கூடாது. காமாலைக்கும் காத்திருக்க வேண்டாம். பழைய அடியைப் பற்றிக் கேட்டு அன்றே கல்லீரலுக்கு டாப்ளர் ஸ்கேன் எடுங்கள், ஐயம் தீராவிட்டால் சி.டி. ஆஞ்சியோவுக்கு அனுப்புங்கள். கசியும் தமனியை வடிகுழாய் வழியே அடைக்கும் சிகிச்சை இந்நோய்க்கு 1976 முதலே கைவசம் இருக்கிறது.