டிஜிட்டல் படத்துக்குப் பழைய தைல ஓவியத் தோற்றம்: முகம் மாறாமல் செய்வது எப்படி?

கோலாலம்பூர்: திருமணப் படத்தையோ மறைந்த தாத்தா பாட்டியின் படத்தையோ பழைய ‘ஆயில் பெயிண்டிங்’ போல் மாற்றி, வரவேற்பறையில் மாட்டும் ஆசை பலருக்கு உண்டு. பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ உள்ள ஒரு ஸ்டூடியோவில் கொடுக்கும் முன்பும், வீட்டுக் கணினியில் முயலும் முன்பும் சில விவரங்களைத் தெரிந்துகொள்வது நல்லது. தோட்டத்தில் வாழ்ந்த சில குடும்பங்களில் மூத்தோரின் நினைவாக எஞ்சியிருப்பது அடையாள அட்டைக்காக எடுத்த ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம்தான். அலங்காரம் செய்யப்போய் அந்த முகமே மாறிவிட்டால், பேரப்பிள்ளைகள் வேறு யாரையோ பார்த்து வளர்வார்கள்.

ரவிவர்மா காட்டிய வழி

தைல ஓவியம் என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருபவர் ராஜா ரவிவர்மா (1848-1906). அவர் 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, தம் ஓவியங்களை ஒலியோகிராப் என்ற முறையில் அச்சிட்டார். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல் அச்சு. தைல ஓவியம் போலத் தெரிவதற்காக, இத்தகைய படங்களின் மேல் வார்னிஷ் பூசுவதும் துணியின் நெசவுத் தடம் பதிப்பதும் உண்டு. ஆகவே, அச்சுப் படத்துக்கு ஓவியத் தோற்றம் தருவது நூறாண்டைத் தாண்டிய பழக்கம்.

2020-ஆம் ஆண்டுக்கான ‘நாம்’ அறக்கட்டளை நாள்காட்டியில் இதே தோற்றம் புகைப்படத்தில் வந்தது. நடிகை சுஹாசினி நிறுவிய அந்த அமைப்புக்காக, சென்னைப் புகைப்படக் கலைஞர் ஜி. வெங்கட்ராம் ரவிவர்மா ஓவியங்களை மீண்டும் உருவாக்கினார். ரம்யா கிருஷ்ணன், சமந்தா, ஸ்ருதிஹாசன் உள்ளிட்டோர் இடம்பெற்றனர். சேலை, நகை, பின்னணி, அமர்ந்திருக்கும் விதம் யாவும் மூல ஓவியத்தைப் பார்த்தே அமைக்கப்பட்டன. நாம் கற்க வேண்டிய பாடமும் அதுவே: ஓவியத் தோற்றத்தின் பெரும்பகுதி படம் எடுக்கும்போதே அமைந்துவிட வேண்டும்.

படம் எடுக்கும்போது

ஃபிளாஷ் வேண்டாம். சன்னலோரம் ஒருபக்க வெளிச்சத்தில் உட்கார வையுங்கள். முகத்தின் மறுபக்கம் மெல்லிய நிழல் விழட்டும். பின்னால் அடர் பழுப்பு அல்லது கரும்பச்சைத் துணி போதும். கைப்பேசியின் ‘பியூட்டி’ வசதியை நிறுத்திவிடுங்கள்.

பழைய படமாக இருந்தால் கைப்பேசியில் பிடிக்காமல் ஸ்கேன் செய்வதே சிறந்தது. 35-க்கு 50 மில்லிமீட்டர் அளவுள்ள சிறு படத்தை 1200 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால், சுமார் 1,650-க்கு 2,360 பிக்சல் கிடைக்கும். கேன்வஸில் அங்குலத்துக்கு 150 பிக்சல் வீதம் அச்சிட்டால் 11-க்கு 15 அங்குலம் வரை பெரிதாக்கலாம். எனினும், மூலப் படத்தில் இல்லாத நுணுக்கத்தை ஸ்கேனர் தராது.

கணினியில் செய்வது

ஃபோட்டோஷாப்பில் ‘ஆயில் பெயிண்ட்’ என்ற ஃபில்டர் உண்டு. இலவச மென்பொருளான கிம்ப்-இல் அதன் பெயர் ‘ஆயிலிஃபை’. இவ்வகைத் தோற்றத்துக்கு உதவும் கணித முறைகளுள் ஒன்று, 1976-இல் ஜப்பானிய ஆய்வாளர் குவாஹாரா மருத்துவப் படங்களைத் தெளிவாக்கக் கண்டது. ஒவ்வொரு புள்ளியையும் சுற்றியுள்ள பகுதிகளில் நிற வேறுபாடு மிகக் குறைந்ததைத் தேர்ந்து, அதன் சராசரி நிறத்தை அது எடுத்துக்கொள்ளும். அதனால் விளிம்புகள் கூர்மையாக நிற்கும். உட்பகுதி தூரிகை இழுத்ததுபோல் சமமாகும்.

செய்ய வேண்டிய வரிசை:

1. மூலக் கோப்பைத் தொடாமல், நகலில் வேலை செய்யுங்கள்.
2. பின்னணிக்கும் உடைக்கும் பெரிய தூரிகைத் தடம், முகத்துக்குச் சிறியது.
3. கண், உதடு, பொட்டு, மூக்குத்தி, தாலி ஆகிய இடங்களில் ஃபில்டரைப் பெரும்பாலும் நீக்கிவிடுங்கள்.
4. வார்னிஷ் காலப்போக்கில் மஞ்சளாகும். எனவே வெள்ளையைச் சந்தன நிறத்துக்கும், கறுப்பை அடர் பழுப்புக்கும் நகர்த்துங்கள். ஓரங்களைச் சற்று இருட்டாக்குங்கள்.
5. வெடிப்புக் கோடுகளைக் கடைசியில், மிக மெலிதாகச் சேருங்கள். முகத்தின் மேல் வேண்டாம்.

ஏஐ செயலியில் கவனம்

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் சில விநாடிகளில் ஓவியம் தருகின்றன. ஆனால், அவை பெரும்பாலும் இருக்கும் முகத்தைத் திருத்துவதில்லை; அதைப் போன்ற இன்னொரு முகத்தை வரைகின்றன. ஒடுங்கிய கன்னம் நிரம்பிவிடும், நெற்றித் தழும்பு மறையும், தோல் நிறம் வெளுக்கும். விளையாட்டுக்கு அது சரி. நினைவுப் படத்துக்கு என்றால், அந்த முகத்தை நேரில் அறிந்த மூத்தவர் ஒருவரிடம் காட்டி, அவர் தயங்காமல் ‘இவர்தான்’ என்ற பிறகே அச்சுக்கு அனுப்புங்கள்.

அச்சும் பராமரிப்பும்

கேன்வஸை மரச்சட்டத்தில் மடித்து அடிக்க, நாலாபுறமும் 2 அங்குலம் கூடுதலாக விடச் சொல்லுங்கள். ‘பிக்மென்ட்’ மை சாதாரணச் சாய மையைவிட நெடுநாள் மங்காது. கண்ணாடி இல்லாத கேன்வஸில் சந்தனம், குங்குமம் வைத்தால் கறை படிந்துவிடும். துடைத்தால் வண்ணமும் உரியலாம். பொட்டு வைத்து மாலை சாத்தும் படமென்றால் கண்ணாடிச் சட்டமே பொருத்தம்.

ஓவியம் சுவருக்கு வந்தபின் மூலப் படத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அமிலமற்ற காகித உறையில் ஈரம் படாமல் வையுங்கள். ஸ்கேன் செய்த கோப்பைக் குடும்பத்தில் இரண்டு மூன்று பேரிடம் கொடுத்து வையுங்கள். புலனத்தில் அனுப்பும்போது ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் தரம் குறையாது.