நான்கு தூண்களும் ஐந்து வாக்குகளும்: அமெரிக்க நேஷனல் ஆனர் சொசைட்டியின் உறுப்பினர் தகுதி குறித்து

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பெரிதும் விரும்பும் சிறப்புகளுள் ஒன்று நேஷனல் ஆனர் சொசைட்டியின் உறுப்பினர் தகுதி. கல்வித் தேர்ச்சி, சேவை, தலைமைப் பண்பு, நன்னடத்தை ஆகிய நான்கும் அதற்கான தூண்களாகச் சொல்லப்படுகின்றன. முதல் தூணை எண்ணால் அளக்கலாம். மற்ற மூன்றையும் ஆசிரியர்கள்தாம் எடைபோட வேண்டும். அப்படி எடைபோடுவதைக் குறையாகக் கருதவில்லை. ஆனால் ஒரு மாணவரின் குணத்தைப் பற்றிப் பள்ளி ஒரு முடிவுக்கு வந்துவிட்டு, அதன் காரணத்தை அவரிடம் சொல்லாமல் விடுவது கல்வியின் நோக்கத்துக்கே முரணானது என்பது இக்கட்டுரையின் வாதம்.

இச்சங்கத்தை 1921இல் தொடங்கியவர்கள் இடைநிலைப் பள்ளி முதல்வர்களின் தேசியச் சங்கத்தினர். இதற்கு வித்திட்டவர் பிட்ஸ்பர்க் நகரின் ஃபிஃப்த் அவென்யூ உயர்நிலைப் பள்ளி முதல்வர் எட்வர்ட் ரைனர்சன். கல்லூரி அளவில் ஃபை பீட்டா கப்பா என்ற சிறப்புச் சங்கம் 1776 முதலே இருந்துவந்தது. பள்ளிக்கென ஓர் அமைப்பு வேண்டும் என்று நினைத்த முதல்வர்கள் மதிப்பெண்ணோடு நின்றுவிடவில்லை. மற்ற மூன்று பண்புகளையும் அதற்கு இணையாக வைத்தார்கள். நன்றாகப் படிப்பவர் நல்லவராகவும் பிறர்க்கு உதவுபவராகவும் இருக்க வேண்டும் என்ற அந்த எண்ணம் உயர்ந்தது. சிக்கல் அதை நடைமுறைப்படுத்தும் விதத்தில் இருக்கிறது.

பத்து முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயில்பவரும், அப்பள்ளியில் குறைந்தது ஒரு பருவம் படித்தவருமே பரிசீலிக்கப்படுவர். மொத்தச் சராசரி 100க்கு 85, அல்லது 'பி' தரம், அல்லது 4.0 அளவில் 3.0 இருக்க வேண்டும். சங்கத்தின் பள்ளிக் கிளைகள் இந்த வரம்பை உயர்த்தலாம்; தாழ்த்த முடியாது. வரம்பைத் தாண்டியவர் உறுப்பினராகிவிடுவதில்லை; பரிசீலனைக்கு மட்டுமே உரியவராகிறார். அதன்பின் பள்ளி முதல்வர் நியமிக்கும் ஐந்து ஆசிரியர்கள் கொண்ட குழு வாக்களிக்கிறது. முதல்வர் அக்குழுவில் இருப்பதில்லை. கிளையின் ஆலோசகரான ஆசிரியர் உடனிருப்பார், அவருக்கு வாக்கில்லை. பெரும்பான்மை கிடைத்தால் இடம் கிடைக்கும்.

அக்குழுவின் முன் இருப்பது பெரும்பாலும் மாணவர் நிரப்பித் தந்த ஒரு படிவம். எந்த ஆண்டு, எந்தச் செயல்பாடு, எத்தனை மணிநேரம், பொறுப்பான பெரியவரின் கையொப்பம் என அதில் கட்டங்கள் இருக்கும். சேவை என்றால் ஊதியமின்றித் தாமாக முன்வந்து செய்வது என்பது பொதுவான விளக்கம். அமெரிக்காவில் வாழும் தமிழ்ப் பிள்ளைகள் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் சிறுவர்க்கு எழுத்தறிவித்த மணிநேரத்தை இக்கட்டத்தில் எழுதுவதுண்டு, அது முறையானதே. ஆனால் தாய் இரவுப் பணிக்குப் போக, தம்பிக்குச் சோறூட்டி, பாடம் சொல்லித் தந்து உறங்கவைக்கும் மாணவி எந்தக் கட்டத்தை நிரப்புவாள்? அவளுக்காகக் கையொப்பமிட எந்த அலுவலர் இருக்கிறார்? கடையில் வேலை பார்த்து வீட்டு வாடகைக்குக் கைகொடுக்கும் மாணவனுக்கும் இதே நிலைதான். படிவம் அளப்பது தொண்டுள்ளத்தை மட்டுமல்ல; ஓய்வு நேரத்தையும், வண்டியில் கொண்டுபோய் விட ஆள் இருக்கும் வசதியையும் சேர்த்தே அளக்கிறது.

நன்னடத்தை என்ற தூண் இன்னும் சிக்கலானது. கென்டக்கி மாநிலத்தின் கிராண்ட் கவுன்டியில் கருவுற்றிருந்த ஒரு மாணவிக்கும், தாயாகிவிட்ட மற்றொரு மாணவிக்கும் உறுப்பினர் தகுதி மறுக்கப்பட்டது. மதிப்பெண் தகுதி இருவருக்கும் இருந்தது. திருமணத்துக்கு முந்தைய உறவே காரணம், கருவுற்றதன்று எனப் பள்ளித் தரப்பு வாதிட்டது. ஆனால் மற்ற மாணவர்களின் அந்தரங்கத்தை அக்குழு விசாரித்திருக்கவில்லை. கண்ணுக்குத் தெரிந்த கருவே சான்றாகியது. அந்தச் சான்று பெண்ணுடலில் மட்டுமே தெரியக்கூடியது. கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படையில், இருவரையும் சேர்க்குமாறு கூட்டாட்சி நீதிமன்றம் 1998இல் இடைக்கால ஆணை பிறப்பித்தது. எனினும் இத்தகைய தலையீடு அரிது. உறுப்பினர் தகுதி சலுகையே, அரசமைப்பு காக்கும் உரிமையன்று என்பதே நீதிமன்றங்களின் பொதுவான பார்வை. ஆகவே நியாயத்தைச் சட்டத்திடம் எதிர்பார்ப்பதைவிடப் பள்ளியிடமே எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது.

அதற்கு வழி சங்கத்தின் அமைப்பு விதிகளிலேயே இருக்கிறது. உறுப்பினர் ஒருவரை நீக்க வேண்டுமானால், அவருக்கு முன்னறிவிப்பு தந்து, ஆசிரியர் குழு முன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும். சேர்க்கப்படாதவர்க்கோ அத்தகைய விசாரணை உரிமை எதுவும் இல்லை. உள்ளே இருப்பவர்க்குக் காட்டும் இந்த மரியாதையை வாசலில் நிற்பவர்க்கு ஏன் மறுக்க வேண்டும்?

காரணம் சொல்லத் தொடங்கினால் பெற்றோரின் நெருக்கடி பெருகும், ஒரு பிள்ளையின் குணக்குறை ஏட்டில் ஏறிவிடும் என்று ஆசிரியர்கள் அஞ்சுவதில் பொருள் உண்டு. ஆனால் அந்த அச்சம் காரணத்தை எப்படிச் சொல்வது என்ற கேள்விக்குத்தான் உரியது. சொல்லாமலே இருப்பதற்கு அது நியாயமாகாது. நம்பிக்கைக்குரிய ஓர் ஆசிரியர் மாணவரைத் தனியே அமர்த்தி, நான்கில் எது குறைவு, எதை வைத்து அப்படிக் கருதினோம், அடுத்த ஆண்டுக்குள் என்ன செய்யலாம் என்று சொன்னால் போதும். அந்த உரையாடலில்தான் தம்பியின் கதையும் வாடகையின் கதையும் முதன்முறையாக ஆசிரியர் காதுக்கு எட்டும். அப்போது குழுவே தன் முடிவைத் திருத்திக்கொள்ளவும் கூடும்.

கணக்குத் தேர்வில் தவறிய மாணவருக்கு விடைத்தாள் திரும்பி வருகிறது. எந்த வரியில் பிழை என்பதைச் சிவப்பு மை காட்டுகிறது. நடத்தையில் தவறியதாகக் கருதப்பட்ட மாணவருக்கு மட்டும் விடைத்தாளே திரும்புவதில்லை. குணத்தைக் கற்பிக்க முடியும் என்று நம்பித்தான் 1921இல் அதை மதிப்பெண்ணுக்கு இணையாக வைத்தார்கள். கற்பிக்க முடியும் என்றால் அதில் நேரும் பிழையையும் சுட்டிக்காட்டியே ஆகவேண்டும்.