எந்த டிஸ்க் முதல் டிஸ்க்? - லினக்ஸ் பூட் லோடரின் வரலாறு



பி.காம் படிக்கிற பையனுக்குக் கணினி வரலாறு எதற்கு என்று வகுப்புத் தோழர்கள் கேட்பது காதில் விழுகிறது. காரணம் இருக்கிறது. போன மாதம் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒரு காலை நேரத்தில் திறக்க மறுத்துவிட்டது. கறுப்புத் திரையில் இரண்டே வரிகள். அப்படி ஒரு கருவி இல்லை என்றது முதல் வரி. 'க்ரப் ரெஸ்க்யூ' என்றது இரண்டாவது. அதே கம்ப்யூட்டரில்தான் அப்பாவின் கடைக் கணக்கு மூன்று வருடத்துக்கும் இருக்கிறது. நகல் எடுத்து வைக்கவில்லை (திட்டாதீர்கள், வீட்டில் ஏற்கனவே போதுமான அளவு வாங்கியாயிற்று).

பழுது பார்க்கிற அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, டிஸ்க் போச்சு. ஃபார்மேட் பண்ணிடலாம், வேற வழியில்ல" என்றார். அப்பா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. ஒரு நாள் டைம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்து படித்ததில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை. முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: டிஸ்க் போகவில்லை. ஒரு எழுத்துகூட அழியவில்லை. ஏன் என்று புரிய 1981-இலிருந்து தொடங்க வேண்டும்.

512 பைட்டில் ஒரு உலகம்

கணினிக்கு மின்சாரம் கொடுத்ததும் அதற்கு ஒன்றுமே தெரியாது. டிஸ்க்கில் இருக்கும் இயங்குதளத்தைப் படிக்க ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலும் டிஸ்க்கில்தான் இருக்கிறது. பூட்டிய பெட்டிக்குள்ளேயே சாவி இருக்கிற கதை. அந்தக் காலத்துப் பெரிய கணினிகளில் முன்பக்க சுவிட்சுகளைக் கையால் தட்டித் தட்டி முதல் சில கட்டளைகளை ஏற்றினார்கள்.

1981-இல் ஐ.பி.எம் தன் பி.சி-யை வெளியிட்டபோது அந்த வேலையை பயாஸ் என்ற சிறு நிரலிடம் கொடுத்தது. டிஸ்க்கின் முதல் செக்டாரை, அதாவது 512 பைட்டை மட்டும் எடுத்து நினைவகத்தில் வைத்து, 'இனி உன் பாடு' என்று விட்டுவிடும். அந்த முதல் பி.சி-யில் ஹார்ட் டிஸ்க்கே கிடையாது, ஃப்ளாப்பிதான். 1983-இல் வந்த எக்ஸ்.டி மாடலில் 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க் வந்தது. அதோடு வந்த பி.சி. டாஸ் 2.0-தான் டிஸ்க்கைப் பிரிக்கும் பார்ட்டிஷன் முறையைக் கொண்டுவந்தது. முதல் செக்டாருக்கு மாஸ்டர் பூட் ரெக்கார்டு, சுருக்கமாக எம்.பி.ஆர், என்று பெயர்.

அந்த 512 பைட்டின் கணக்கைப் பாருங்கள். நிரலுக்கு 446. நான்கு பார்ட்டிஷன்களின் விவரத்துக்குத் தலா 16 வீதம் 64. கடைசியில் அடையாள முத்திரை 2. ஐந்தொகை போலச் சரியாகப் பொருந்துகிறது! ஆனால் 446 பைட்டில் என்ன எழுத முடியும்? இந்தப் பத்தியே அதைவிடப் பெரியது. அதனால் அங்கே உட்காரும் நிரல் தானாக எதையும் செய்யாது. அடுத்த நிரல் இருக்கும் இடத்தைக் கைகாட்டும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பயாஸ் ஹார்ட் டிஸ்க்குகளுக்குப் பெயர் வைக்காது, எண் கொடுக்கும். பதினாறடிமான முறையில் முதல் டிஸ்க் 80, அடுத்தது 81. எந்த டிஸ்க் முதலாவது என்பது எந்த வயரில் மாட்டியிருக்கிறோம், பயாஸில் எதை முதலில் வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. வயரை மாற்றினால் எண்ணும் மாறும். நம் எல்லாத் தலைவலிக்கும் விதை இங்கேதான் விழுந்தது.

லிலோ: பக்க எண் எழுதி வைத்த கணக்குப்பிள்ளை

1991 ஆகஸ்ட் 25 அன்று ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் புதிய இயங்குதளத்தைப் பற்றி அறிவித்தார். ஆரம்பத்தில் லினக்ஸை ஃப்ளாப்பியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது. அந்த நாட்களில் மோடத்துக்கு அனுப்ப வேண்டிய கட்டளையைத் தவறுதலாக ஹார்ட் டிஸ்க்குக்கு அனுப்பி, தன் மினிக்ஸ் பார்ட்டிஷனை லினஸே அழித்துக்கொண்டதும் நடந்தது. எந்தக் கருவி என்பதில் அவரே ஏமாந்தார் என்றால் நாமெல்லாம் எம்மாத்திரம் :-)

1992-இல் வெர்னர் ஆல்ம்ஸ்பெர்கர் லிலோவை எழுதினார். லினக்ஸ் லோடர் என்பதன் சுருக்கம் அது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே லினக்ஸைத் தொடங்க இதுதான் பல ஆண்டுகள் வழியாக இருந்தது. (டாஸுக்குள் போய் அங்கிருந்து லினக்ஸுக்குத் தாவும் லோட்லின் என்ற நிரலும் உண்டு.)

லிலோவின் வேலைமுறை நம் பேரேட்டுப் பக்க எண் மாதிரி. கெர்னல் கோப்பின் பெயர் அதற்குத் தெரியாது. அந்தக் கோப்பு டிஸ்க்கில் எந்தெந்த இடங்களில் இருக்கிறது என்ற எண் பட்டியலை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளும். புதிய கெர்னல் போட்டால் இடம் மாறும், பட்டியல் பழசாகிவிடும். லிலோ கட்டளையை மறுபடி ஓட்ட மறந்தால் அடுத்த முறை கணினி எழுந்திருக்காது. பேரேட்டைப் புதிதாக எழுதிவிட்டுக் குறிப்பேட்டில் பழைய பக்க எண்ணை விட்டு வைத்தால் என்ன ஆகும்? அதேதான்.

லிலோவின் பிழைச் செய்தி இன்னும் வேடிக்கை. நான்கு ஆங்கில எழுத்துகள் கொண்ட தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் திரையில் போடும். முதல் எழுத்தோடு நின்றால், இரண்டாம் பகுதியை ஏற்றவே முடியவில்லை. இரண்டு எழுத்தோடு நின்றால், ஏற்றியாயிற்று, ஆனால் ஓடவில்லை. மூன்றோடு நின்றால், கெர்னல் இருக்கும் இடப் பட்டியலைப் படிக்க முடியவில்லை. நான்கும் வந்தால் பிழைத்தோம்! 446 பைட்டில் பிழைச் செய்திக்கு வேறு இடமேது? இருப்பதை வைத்துச் செய்த சிக்கனம் இது.

இரண்டு டிஸ்க் மாட்டியவர்கள் பாடு இன்னும் மோசம். லினக்ஸ் ஓடும்போது டிஸ்க்குகளுக்கு எச்டிஏ, எச்டிபி என்று பெயர் வைக்கும். பயாஸோ 80, 81 என்று எண் வைக்கும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அதனால் லிலோவின் அமைப்புக் கோப்பில் 'இந்த டிஸ்க்குக்கு பயாஸில் இந்த எண்' என்று நாமே எழுதிக் கொடுக்க ஒரு வசதி வைத்திருந்தார்கள். பல பழைய பயாஸ்களுக்கு இரண்டு டிஸ்க்குக்கு மேல் கண்ணே தெரியாது என்பது தனிக்கதை.

இதோடு 1024 சிலிண்டர் எல்லை வேறு. பயாஸ் சிலிண்டர் எண்ணுக்கு 10 பிட்தான் ஒதுக்கியிருந்தது. அதற்கு அப்பால் கெர்னல் இருந்தால் எட்டாது. பழைய ஐ.டி.இ டிஸ்க்குகளில் இந்த எல்லை 504 மெகாபைட், பிறகு சுமார் 8 ஜிகாபைட். டிஸ்க்கின் தொடக்கத்திலேயே கெர்னலுக்கென ஒரு குட்டி பூட் பார்ட்டிஷன் போடும் பழக்கம் இதனால்தான் வந்தது. பிற்பாடு பயாஸ்கள் திருந்தின, ஜான் காஃப்மன் பொறுப்பில் லிலோவும் அந்த எல்லையைத் தாண்டியது. 2015 இறுதியில் லிலோவின் வளர்ச்சி நிறுத்தப்பட்டது.

க்ரப்: பெயர் சொல்லித் தேடியவர்

1995-இல் எரிக் போலின் என்பவர் வேறொரு வேலையில் இருந்தார். க்னூ ஹர்ட் இயங்குதளத்தைத் தொடங்க முயன்றுகொண்டிருந்தார். ஃப்ரீ பி.எஸ்.டி-யின் பூட் லோடரைத் திருத்திப் பார்த்துச் சலித்து, புதிதாக எழுதுவதே சுலபம் என்று க்ரப்பை எழுதினார். கிராண்ட் யூனிஃபைட் பூட்லோடர் என்ற பெயர் இயற்பியல் கொள்கை ஒன்றை வைத்துச் செய்த சிலேடை. 1999-இல் கோர்டன் மாட்சிக்கைட்டும் யோஷினோரி ஒகுஜியும் பொறுப்பேற்க, க்ரப் க்னூவின் அதிகாரபூர்வத் தொகுப்பானது.

லிலோ பக்க எண் பார்த்துப் போனது என்றால், க்ரப் கணக்கின் பெயரைச் சொல்லித் தேடியது. கோப்பு முறைமையைப் படிக்க அதற்குத் தெரியும். கெர்னல் எங்கே நகர்ந்தாலும் பெயர் அதேதானே? கிடைக்காவிட்டாலும் திரையிலேயே கட்டளை கொடுத்து நாமே தேடலாம்.

இவ்வளவு பெரிய நிரல் 446 பைட்டில் அடங்காது என்பதால் துண்டு துண்டாக வைத்தார்கள். முதல் துண்டு எம்.பி.ஆரில். அடுத்தது எம்.பி.ஆருக்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் நடுவில் சும்மா கிடந்த இடத்தில். பழைய முறைப்படி பிரித்த டிஸ்க்கில் அது 62 செக்டார், 31 கிலோபைட். மீதி எல்லாம் லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள். இந்தத் துண்டுகள் ஒரே டிஸ்க்கில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இதை நினைவில் வையுங்கள், என் கதைக்கு வேண்டும்.

ஆனால் டிஸ்க்கைக் குறிக்க பழைய க்ரப்பும் எண்ணைத்தான் நம்பியது. பூஜ்யத்திலிருந்து எண்ணி, முதல் டிஸ்க்கை எச்டி0 என்றது. டிஸ்க்கை மாற்றி மாட்டியதும் பிழை 17, பிழை 21 என்று எண்கள் வந்தன. 21 என்றால் அந்த டிஸ்க்கே இல்லை. 17 என்றால் பார்ட்டிஷன் இருக்கிறது, ஆனால் அதைப் படிக்க முடியவில்லை. எண்ணின் அர்த்தம் தெரியாமல் எத்தனை பேர் நல்ல டிஸ்க்கை ஃபார்மேட் செய்தார்களோ!

லினக்ஸ் பக்கமும் பெயர்கள் நிலையாக இல்லை. 2007-இல் வந்த ஃபெடோரா 7-இல் ஐ.டி.இ டிஸ்க்குகளும் எச்டிஏ என்பதிலிருந்து எஸ்டிஏ வரிசைக்கு மாறின. பழைய பெயரை எழுதி வைத்திருந்த அமைப்புக் கோப்புகள் திகைத்து நின்றன.

யூயுஐடி: டிஸ்க்குக்கும் ஒரு பான் எண்

2002 வாக்கில் ஒகுஜி தொடங்கிய மறு எழுத்து முயற்சிதான் க்ரப் 2 ஆனது. உபுண்டு 2009 அக்டோபரில் 9.10 பதிப்பிலேயே இதை எடுத்துக்கொண்டது. 2.00 என்ற எண்ணோடு 2012-இல்தான் வந்தது. (பார்ட்டிஷனை 1-லிருந்தும் டிஸ்க்கைப் பழையபடி 0-லிருந்தும் எண்ணி நம்மைக் குழப்புவது இதுதான்.)

டிஸ்க் எண்ணை விட்டுவிட்டு, ஒவ்வொரு பார்ட்டிஷனையும் உருவாக்கும்போதே அதற்குள் எழுதப்படும் யூயுஐடி என்ற நீண்ட அடையாளத்தைத் தேடும் முறை பரவலானது. கடைக்கு முகவரி மாறலாம், போர்டு மாறலாம். பான் எண் மாறாது. அந்த மாதிரி. எந்த வயரில் மாட்டினாலும் பார்ட்டிஷனைக் கண்டுபிடித்துவிடும்.

இப்போது என் வீட்டுக்கு வருவோம். பழைய ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸும் அப்பாவின் கணக்கும். நான் புதிதாக வாங்கிய எஸ்.எஸ்.டி-யில் லினக்ஸ். நிறுவும்போது 'பூட் லோடர் எங்கே?' என்று கேட்ட கேள்வியைப் படிக்காமல் அப்படியே அடுத்ததற்குப் போனேன். க்ரப்பின் முதல் இரண்டு துண்டுகள் அப்பாவின் டிஸ்க்கில் உட்கார்ந்தன, மீதி எஸ்.எஸ்.டி-யில். நண்பனின் ப்ராஜெக்டுக்கு எஸ்.எஸ்.டி-யைக் கழற்றிக் கொடுத்தேன். அவ்வளவுதான். பழைய டிஸ்க்கிலிருந்து க்ரப் எழுந்தது, தன் மீதி இருக்கும் யூயுஐடி-யைத் தேடியது, அப்படி ஒரு கருவி இல்லை என்று உண்மையைச் சொல்லி நின்றது. அது பொய் சொல்லவில்லை. எங்களுக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

எஸ்.எஸ்.டி-யைத் திரும்ப வாங்கி மாட்டியதும் பழையபடி மெனு வந்தது. முதல் வேலையாகக் கணக்கை இரண்டு பென் டிரைவில் நகல் எடுத்தேன். பிறகு எஸ்.எஸ்.டி-யின் எம்.பி.ஆரிலேயே க்ரப்பை நிறுவினேன். விண்டோஸ் டிவிடி-யின் ரிப்பேர் வசதியால் பழைய டிஸ்க்குக்கு அதன் சொந்தத் தொடக்க நிரலைத் திருப்பிக் கொடுத்தேன். பயாஸில் எஸ்.எஸ்.டி-யை முதலில் வைத்தேன். இன்று எந்த டிஸ்க்கைக் கழற்றினாலும் மற்றது தனியாக எழும்.

இனி?

எம்.பி.ஆர் சுமார் 2 டெராபைட்டுக்கு மேல் எண்ணத் தெரியாதது. இன்டெல் தன் இட்டானியம் கணினிகளுக்காகத் தொடங்கிய ஈ.எஃப்.ஐ, 2005-இல் அமைந்த மன்றத்தின் கைக்குப் போய் யூ.ஈ.எஃப்.ஐ ஆகி பயாஸின் இடத்தைப் பிடித்தது. இதில் பூட் லோடர் ஒரு தனி பார்ட்டிஷனில் சாதாரணக் கோப்பாக இருக்கிறது. எந்தப் பார்ட்டிஷனில் எந்தக் கோப்பு என்ற குறிப்பு மதர்போர்டின் நினைவிலேயே இருக்கிறது. 446 பைட் நெருக்கடி ஒழிந்தது. ஆனால் லினக்ஸின் பூட் கோப்பு இன்னொரு டிஸ்க்கின் பார்ட்டிஷனில் போய் உட்கார்ந்துகொள்வது இதிலும் நடக்கும். அந்த டிஸ்க்கைக் கழற்றினால் அதே கதை!

2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தின் முதல் ஆண்டுகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அக்காவின் மடிக்கணினியில் அந்தத் தேர்வு மெனுவை முதலில் பார்த்தபோது அதற்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கும் என்று நினைக்கவில்லை.

வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான்:

1. பூட் லோடர் வேறு, டேட்டா வேறு. கணினி எழவில்லை என்றால் கோப்பு அழிந்தது என்று அர்த்தமில்லை.
2. பிழைச் செய்தியை அப்படியே ஒரு தாளில் எழுதுங்கள். அதில் பாதி விடை இருக்கும்.
3. சமீபத்தில் எந்த டிஸ்க்கைக் கழற்றினோம், மாட்டினோம் என்று யோசியுங்கள். பயாஸில் எல்லா டிஸ்க்கும் தெரிகிறதா, வரிசை மாறியிருக்கிறதா பாருங்கள்.
4. லினக்ஸ் லைவ் பென் டிரைவில் கணினியைத் தொடங்கி உங்கள் கோப்புகளைக் கண்ணால் பார்த்து நகல் எடுங்கள். அதற்கு முன் ஃபார்மேட் என்ற பேச்சே வேண்டாம்.
5. ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் அதன் டிஸ்க்கிலேயே பூட் லோடர் இருக்கட்டும்.

அன்று மாலை அப்பா கணக்கைத் திறந்து கடைசிப் பதிவு வரை இறங்கிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை கடைக்குக் கிளம்பும்போது, "அந்தப் பென் டிரைவ்ல ஒண்ண எங்கிட்ட குடு" என்றார். அது போதும் எனக்கு.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். அடுத்த கட்டுரையில் சந்திப்போம்!