விலை இருந்த தவளையும் விலை இல்லாத தவளையும்

படப்பை, மணிமங்கலம் பக்கத்து ஏரிப் பாசன வயல்களில் முதல் கனமழைக்கு இரவெல்லாம் கத்துகிறதே பெருந்தவளை, அந்த இனம் ஒரு காலத்தில் டாலர் ஈட்டித் தந்த சரக்கு. இறால் ஏற்றுமதிக்காகக் கட்டிய உறைபதனக் கூடங்களிலேயே தவளைக்காலும் உறைந்தது. பின்னங்கால்களை வெட்டிக்கொண்டு மற்றதை வீசிவிடும் இந்த வணிகம் 1981இல் 4,000 டன்னைத் தாண்டியது. பெருந்தவளையும் ஏரிப் பச்சைத்தவளையும் 1985இல், உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தன. 1987இல் இந்தியா ஏற்றுமதியைத் தடை செய்தது. வயலில் பூச்சி தின்னும் பிராணியை விற்றுவிட்டுப் பூச்சிமருந்துக்குச் செலவழிப்பானேன் என்ற வாதம் அப்போது எடுபட்டது. சந்தை இந்தோனேசியாவுக்கு நகர்ந்தது. தவளைகள் காப்பாற்றப்பட்ட கதையாக இதைச் சொல்வது வழக்கம். எனக்கு இது சரக்கு ஒன்று காப்பாற்றப்பட்ட கதையாகவே படுகிறது.

சட்டப் புத்தகமே இதற்குச் சாட்சி. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் நெடுங்காலம் இருந்தது 'ரானா' என்ற ஒரே தவளைப் பேரினம். காலுக்காகப் பிடிபட்ட இரண்டு இனங்களும் அன்று அந்தப் பெயருக்குள் அடங்கின. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் கல்லடியில் பதுங்கி வாழும் நிக்டிபட்ராகஸ் தவளைகளோ 1882இலேயே விலங்கியலாளர் புலங்கர் பிரித்துவைத்த தனிப் பேரினம். ஆகவே அவை கணக்கில் வரவில்லை. களக்காடு முண்டந்துறைக் காட்டு ஓடைத்தவளை ஒன்றுக்கு வசந்தி என்று பெயர் வைத்து ஆய்வாளர் ரவிச்சந்திரன் உலகுக்கு அறிவித்தது 1997இல், தடை வந்து பத்தாண்டு கழித்து. அதே மலையில் மாஞ்சோலைத் தேயிலைக்காகச் சிங்கம்பட்டி ஜமீன் காடு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது 1929இல். வெட்டியவர்கள் முந்திவிட்டார்கள், பெயர் வைத்தவர்கள் பிந்தி வந்தார்கள். நிழல் போன ஓடையில் எந்தெந்த இனங்கள் இருந்தன என்று அதற்குப் பிறகு யாரால் சொல்ல முடியும்?

கோடிக்கணக்கில் கொல்லப்பட்ட இனத்தை முதலில் காப்பதுதானே நியாயம் என்று கேட்கலாம். அவசரம் உண்மைதான். ஆனால் பெருந்தவளை ஒரு முறைக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பாகிஸ்தான் தொடங்கி மியான்மர் வரை பரவியிருக்கும். பல ஓடைத்தவளைகளுக்கு உலகமே நாலைந்து ஓடைகள்தான், முட்டைகளும் சொற்பம். மலை ஓடைகள் புலிகள் காப்பகத்துக்குள்தானே இருக்கின்றன என்பது இன்னும் வலுவான மறுப்பு. களக்காடு முண்டந்துறை 1988இல் காப்பகமானதால் வசந்திக்கும் நன்மை கிடைத்தது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த நன்மை புலியின் தயவு. வால்பாறையில் அந்தத் தயவும் முழுதாக எட்டவில்லை: அங்கே ஓடைகள் பல தேயிலைத் தோட்டங்களின் நடுவே ஓடுகின்றன, ஆனைமலையின் பெயர் தாங்கிய ஓடைத்தவளையை விலங்கியலாளர் மையர்ஸ் 1942இல் விவரித்ததும் புதுத்தோட்டம் எஸ்டேட்டில் கிடைத்த மாதிரியை வைத்துத்தான்.