நியூட்ரலும் எர்த்தும் ஒன்றுதானா?

சென்ற சித்திரை மாதம், மாடி வீட்டு வாஷிங் மெஷினைத் தொட்டால் சுருக்கென்று அடித்தது. பார்க்க வந்த எலெக்ட்ரீஷியன் தம்பி, மாடி போர்டில் சின்னத் துண்டு ஒயர் ஒன்றைப் போட்டு, நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துவிட்டார். ஷாக் நின்றது. ஆனால் அன்று முதல் கீழே மெயின் போர்டில் உள்ள ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழ ஆரம்பித்தது. "அதைக் கழட்டி விட்டுரலாமுங்க ஐயா. ரெண்டும் கடைசியில மண்ணுக்குத்தானுங்களே போகுது, எல்லாம் ஒண்ணுதானுங்க" என்றார்.

ஒன்றுதானா? ஃபைல் புரட்டியே சர்வீஸை முடித்தவன் நான். ஒரு கேள்வி எழுந்தால் அதன் பழைய காகிதங்களைத் தேடாமல் இருக்க முடியாது. தேடியதைச் சொல்கிறேன்.

பிராங்க்ளின் சொன்ன யோசனைப்படி, 1752 மே 10 அன்று, பாரிசுக்கு வடக்கே மார்லி-லா-வில் என்ற கிராமத்தில் தலிபார் என்பவர் நட்டு வைத்திருந்த உயரமான இரும்புக் கம்பியில் இடிமேகத்தின் மின்சாரம் இறங்கியது. சோதனைக்காக அந்தக் கம்பியை வேண்டுமென்றே மண்ணில் படாமல் வைத்திருந்தார்கள். அங்கே யாருக்கும் உயிராபத்து நேரவில்லை. மறு ஆண்டு ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் அதே மாதிரி சோதனை செய்த ரிச்மன் என்ற விஞ்ஞானி, மின்னல் பாய்ந்து இறந்துபோனார். கம்பி மண்ணைச் சேராவிட்டால் மனிதன் வழியாக மின்சாரம் மண்ணைத் தேடும் என்பதை உலகம் ஓர் உயிரைக் கொடுத்துத் தெரிந்துகொண்டது.

அடுத்து தந்தி வந்தது. 1838-இல் ஜெர்மனியில் ஸ்டைன்ஹைல் என்பவர், போவதற்கு ஒரு கம்பி போதும், திரும்பி வர மண்ணே போதும் என்று கண்டுபிடித்தார். அங்கே மண்தான் நியூட்ரல். அதாவது நம் தம்பி சொன்னது தந்திக்குச் சரி! தந்திக்கு ஓடுவது மிகச் சிறிய கரண்ட். வீட்டுக்கு வருவது அப்படியல்ல.

1930களில் பைக்காரா மின்சாரம் நீலகிரியிலிருந்து இறங்கி நம் கொங்கு நாட்டு மில்களை ஓட்டத் தொடங்கியது. பிறகு வந்த 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகள், டிரான்ஸ்பார்மரின் நியூட்ரலை இரண்டு தனித்தனி இணைப்புகளால் மண்ணோடு சேர்க்கச் சொல்லின. நியூட்ரலும் மண்ணும் கைகோக்க வேண்டிய இடம் அதுதான்.

இதை உலகத் தர நிர்ணய நூல்கள் இரண்டிரண்டு எழுத்தில் எழுதுகின்றன: டி.டி., டி.என். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் எனக்கு இதில் ஒரு சந்தோஷம். அந்த 'டி' எழுத்து பிரெஞ்சில் மண்ணைக் குறிக்கும் 'தேர்' என்ற சொல்லின் முதலெழுத்து. நம் கோயில் தேர் போலவே காதில் விழும். 'என்' என்பது நியூட்ரல். டி.டி. என்றால் டிரான்ஸ்பார்மருக்கு ஒரு மண், வீட்டுக்குத் தனியாக ஒரு மண். நம் வீடுகளில் குழி வெட்டி, உப்பும் கரியும் போட்டு எர்த் எடுப்பது இந்த வகைதான். பிரெஞ்சுக்காரர்கள் வீட்டு முறையும் இதுவே.

அமெரிக்காவில் மெயின் போர்டில் ஓர் இடத்தில் மட்டும் இரண்டையும் சேர்ப்பார்கள். அதற்குக் கீழே உள்ள கிளை போர்டில் சேர்க்கக் கூடாது. ஆனால் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் செம்பை மிச்சம் பிடிக்க, சமையல் அடுப்பின் உடம்பை நியூட்ரலோடு இணைக்க விட்டார்கள். அந்தச் சலுகையைப் புது ஒயரிங்குக்கு நிறுத்த 1996 வரை ஆயிற்று. தற்காலிக ஆணைகள் எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும் என்பது ஆபீசில் இருந்த எனக்குத் தெரியும்!

சரி, எங்கள் மாடிக்கு வருவோம். நியூட்ரல் என்பது வேலை முடிந்த கரண்ட் தினமும் திரும்பும் வழி. எர்த் என்பது ஆபத்துக்கு மட்டும் திறக்கும் வழி. மாடியில் இரண்டையும் சேர்த்துவிட்டு, கம்பத்திலிருந்து வரும் நியூட்ரல் ஒருநாள் அறுந்தால், எல்லாக் கரண்டும் எர்த் ஒயரில் ஏறும். ஃபிரிட்ஜ், கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாவற்றின் உடம்பும் உயிர்க்கம்பி ஆகிவிடும்.

ஆர்.சி.சி.பி. விழுந்ததும் அதனால்தான். போன கரண்டும் திரும்பிய கரண்டும் கணக்கில் இடிக்கிறது என்று அது சொன்னது. அதை ஏன் கழற்றக் கூடாது? எர்த்தின் தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டுக்கு 23 ஆம்பியர்தான் ஓடும். 32 ஆம்பியர் எம்.சி.பி. அசையாது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுவது ஆர்.சி.சி.பி. ஒன்றுதான்.

வேறொரு அனுபவஸ்தர் வந்து பார்த்தார். நோய் மாடியில் இல்லை. எங்கள் எர்த் குழி வெயிலில் காய்ந்து பாளமாகக் கிடந்தது, உள்ளே கம்பி துருப்பிடித்திருந்தது. துண்டு ஒயரை வெட்டி எடுத்தார். புதுக் குழி வெட்டினோம். சுருக்கென்ற அடியும் போயிற்று, ஆர்.சி.சி.பி.யும் அமைதியாயிற்று.

அருள்புரத்தில் பத்தடி தோண்டினாலும் ஈரம் கிடைக்காத கோடையில், துளசிக்கு ஊற்றும்போது எர்த் குழிக்கும் ஒரு குடம் ஊற்றுகிறேன். மாதம் ஒருமுறை ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்க்கிறேன். பேரப்பிள்ளைகள் ஈரக் கையோடு ஓடும் வீடு. நீங்களும் பாருங்கள்.