பச்சை இறைச்சி உண்ணத் தக்கதா என அறிவது எப்படி?

நோயாளிகளுக்கும் அவர்களைப் பராமரிப்பவர்களுக்குமான விளக்கம்

இறைச்சி கெட்டுவிட்டது என்பதைக் கண்ணும் மூக்கும் பெரும்பாலும் காட்டிவிடும். ஆனால், அது பாதுகாப்பானது என்று அவற்றால் உறுதி கூற இயலாது. வாடையை உண்டாக்கும் நுண்ணுயிரிகள் வேறு. நோயை உண்டாக்கும் நுண்ணுயிரிகள் வேறு. சால்மொனெல்லா போன்ற கிருமிகள் மிகுந்திருக்கும் இறைச்சி, நிறத்திலும் மணத்திலும் எவ்வித மாற்றமுமின்றி இருக்கக்கூடும். எனவே, ஐயம் எழும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி: "இந்த இறைச்சி எவ்வளவு நேரம், எந்த வெப்பநிலையில் இருந்தது?"

யாருக்கு இது மிக முக்கியம்?

விருதுநகர் மாவட்டத்தில், குறிப்பாகச் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில், பட்டாசு ஆலை விபத்துகளில் தீக்காயமடைந்து சிகிச்சை பெறுவோர் உள்ளனர். தீக்காயம் ஆறுவதற்குப் புரதம் மிகுதியாகத் தேவை. ஆகவே முட்டை, கோழி, ஆட்டு ஈரல், எலும்பு சூப் ஆகியவற்றை உறவினர்கள் சமைத்துக் கொண்டுவருவது வழக்கம். இது நல்ல வழக்கமே. ஆயினும், பெருந்தீக்காயம் உடலின் நோய் எதிர்ப்பாற்றலைக் குறைத்துவிடுகிறது. உடல் நலமுள்ளவருக்கு ஒருநாள் வயிற்றுப்போக்காக முடிவது, இவர்களுக்கு உயிருக்கு ஆபத்தாக மாறலாம்.

கர்ப்பிணிகள், ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகள், முதியோர், நீரிழிவு, சிறுநீரக நோய் அல்லது கல்லீரல் நோய் உள்ளோர், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர் ஆகியோருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

நேரமும் வெப்பமும்

5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் கிருமிகள் பெருகுகின்றன. ஏற்ற சூழலில் ஒரு கிருமி ஏறத்தாழ 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். அந்தக் கணக்கின்படி, ஒரு கிருமி 2 மணி நேரத்தில் 64 ஆகவும், 4 மணி நேரத்தில் 4,096 ஆகவும் பெருகிவிடும்.

• குளிரூட்டப்படாத பச்சை இறைச்சியை 2 மணி நேரத்திற்கு மேல் வெளியே வைக்கக் கூடாது.
• சுற்றுப்புற வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும்போது இந்த வரம்பு 1 மணி நேரம் மட்டுமே. விருதுநகர் மாவட்டத்தின் கோடைப் பகல்களுக்கு இந்த வரம்பையே கொள்ள வேண்டும்.

கடையில் இறைச்சி தொங்கிய நேரத்தை உங்களால் மாற்ற இயலாது. ஆகவே, காலையிலேயே வாங்குங்கள். மற்றப் பொருள்களை வாங்கி முடித்தபின் இறுதியாக இறைச்சிக் கடைக்குச் செல்லுங்கள். வாங்கியபின் வேறெங்கும் தங்காமல் வீடு திரும்புங்கள். வண்டியின் பெட்டிக்குள்ளோ வெயில் படும் இடத்திலோ வைக்காதீர்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

• ஆட்டிறைச்சி: விரலால் அழுத்தினால் குழி விழாமல் மீண்டும் எழ வேண்டும். மேற்பரப்பு சற்று ஈரமாக இருக்கலாம். பிசுபிசுப்பாக இருக்கக் கூடாது. கொழுப்பு வெண்மையாக அல்லது வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும்.
• கோழி: உங்கள் கண் முன்னே வெட்டித் தரச் சொல்லுங்கள். தோல் உலராமலும் ஒட்டும் தன்மையின்றியும் இருக்க வேண்டும்.
• ஈரல்: வழவழப்பும் பளபளப்பும் இயல்பானவை. தளர்ந்து குழைந்திருந்தாலோ பச்சை நிறப் புள்ளிகள் இருந்தாலோ தவிர்க்கவும்.
• கடை: ஈ மொய்க்காத மூடிய அமைப்பு, சுத்தமான வெட்டுக்கட்டை, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஆகியவற்றைப் பாருங்கள்.

மிக மலிவாக விற்கப்படும் இறைச்சி எங்கிருந்து, எவ்வாறு வந்தது என்று கேட்பதில் தவறில்லை. 2024 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் இரயில் நிலையத்தில், வெளி மாநிலத்திலிருந்து இரயிலில் வந்த 1,500 கிலோவுக்கும் மேற்பட்ட கெட்டுப்போன இறைச்சியை உணவுப் பாதுகாப்புத் துறையினர் கைப்பற்றினர்.

நிறமும் வாடையும் எதைக் காட்டுகின்றன?

நிறம்: இறைச்சியின் சிவப்பு நிறத்திற்குக் காரணம் அதிலுள்ள மயோகுளோபின் என்னும் புரதம். அது காற்றுப்பட்டால் பளிச்சென்ற சிவப்பாகவும், நேரம் செல்லச் செல்லப் பழுப்பாகவும் மாறும். ஆகவே, பழுப்பு நிறம் மட்டுமே கெட்டதன் அடையாளம் அன்று. பழுப்புடன் வாடையும் பிசுபிசுப்பும் சேர்ந்திருந்தால் கெட்டுவிட்டது எனக் கொள்ளவும்.

வாடை: பச்சை இறைச்சிக்குக் கவிச்சி வாடை இயல்பு. புளித்த வாடை, அழுகிய முட்டை வாடை, மூக்கைத் துளைக்கும் நெடி ஆகியவை இயல்பல்ல.

பிசுபிசுப்பு: கையில் நூல்போல் ஒட்டும் படலம், நுண்ணுயிரிகள் பெருகியதன் அடையாளம். கழுவினால் படலம் நீங்கலாம், ஆபத்து நீங்காது.

இவற்றுள் வாடையோ பிசுபிசுப்போ இருந்தால் இறைச்சியை அகற்றிவிடுங்கள். சோதிப்பதற்காகச் சுவைத்துப் பார்க்க வேண்டாம்.

வீட்டில் எத்தனை நாள் வைக்கலாம்?

குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலை 4 டிகிரி அல்லது அதற்குக் கீழ் இருந்தால்:

• கோழி, மீன், ஈரல், கொத்துக்கறி: 1 முதல் 2 நாள்
• ஆட்டிறைச்சித் துண்டுகள்: 3 நாள், 5 நாளுக்கு மேல் வைக்கவே கூடாது
• சமைத்த இறைச்சி: 3 நாள்

நோயாளிக்கு என்றால் அன்றே வாங்கி அன்றே சமைப்பது சிறந்தது. பெட்டியில் வைத்த பால் ஒரே நாளில் திரிந்துவிடுகிறது என்றால், உங்கள் பெட்டியின் குளிர் இறைச்சிக்குப் போதாது.

இறைச்சியைச் சிறு சிறு பகுதிகளாக மூடிய பாத்திரத்தில், கீழ்த்தட்டில் வையுங்கள். மேல்தட்டில் வைத்தால் அதன் நீர் மற்ற உணவுகளின் மீது சொட்டும். உறைந்த இறைச்சியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தே உறைவு நீக்குங்கள். இரவு முழுவதும் சமையல் மேடையில் வைக்காதீர்கள்.

மின்தடை நாள்களில்

பராமரிப்புப் பணிக்காக மின்தடை அறிவிக்கப்படும் நாளுக்கு முன்தினம் இறைச்சி வாங்கி வைக்க வேண்டாம். கதவைத் திறக்காமல் இருந்தால் குளிர்சாதனப் பெட்டி ஏறத்தாழ 4 மணி நேரம் குளிரைத் தாங்கும். அதற்கு மேல் மின்சாரம் இல்லையெனில், உள்ளிருக்கும் பச்சை இறைச்சியை அகற்றிவிடுங்கள். தனி உறைநிலைப் பெட்டி நிறைந்திருந்தால் 48 மணி நேரமும், பாதியளவு இருந்தால் 24 மணி நேரமும் தாங்கும்.

பொதுவான தவறான நம்பிக்கைகள்

"நன்றாக வேகவைத்தால் போதும்." கொதிக்கவைப்பது பெரும்பாலான கிருமிகளைக் கொல்லும். ஆனால், ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற கிருமிகள் முன்னரே உண்டாக்கிய நஞ்சு கொதிநீரிலும் அழியாது.

"மஞ்சள் தடவினால் கெடாது." மஞ்சளும் உப்பும் சேர்த்து முழுமையாக உலர்த்திய உப்புக்கண்டம் நெடுநாள் இருப்பது, அதில் நீரின்மையால். ஈர இறைச்சியில் மஞ்சள் தடவி வெளியே வைப்பது பாதுகாப்பாகாது.

"பலமுறை கழுவினால் சுத்தம்." குழாயடியில் கோழியைக் கழுவும்போது தெறிக்கும் நீர், கிருமிகளைப் பாத்திரங்களுக்கும் காய்கறிகளுக்கும் பரப்புகிறது. கழுவுவதாயின் பாத்திரத்து நீரில் மெதுவாகக் கழுவி, அந்த இடத்தையும் கைகளையும் சோப்பிட்டுத் தூய்மை செய்யுங்கள்.

மருத்துவமனைக்கு உணவு கொண்டுசெல்லும்போது

சமைத்த இறைச்சியின் உட்பகுதி 74 டிகிரி வெப்பத்தை எட்ட வேண்டும். வெப்பமானி இல்லையெனில், நடுவில் இளஞ்சிவப்பு இல்லாமலும் வடியும் சாறு தெளிவாகவும் இருக்கும்வரை வேகவையுங்கள். நோயாளிக்கு அரைவேக்காட்டு ஈரலோ அரைவேக்காட்டு முட்டையோ தர வேண்டாம்.

ஊரிலிருந்து பேருந்தில் சூப் கொண்டுவருவோர், கொதிக்கக் கொதிக்க ஊற்றிய பிளாஸ்க்கில் கொண்டுவாருங்கள். வெதுவெதுப்பாக 2 மணி நேரத்திற்கு மேல் இருந்த சூப்பை மீண்டும் சூடாக்கித் தர வேண்டாம். இத்தகைய ஆறிய குழம்பிலும் சூப்பிலும், வேகவைத்தபின்னும் உயிர் பிழைக்கும் கிருமி விதைகள் முளைத்துப் பெருகும். மீதத்தைக் கட்டிலருகே மாலைவரை வைத்திருக்காதீர்கள்.

சமைத்த இறைச்சியாலும் உயிரிழப்பு நேரலாம். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில், ஓர் உணவகத்தில் ஷவர்மா உள்ளிட்ட இறைச்சி உணவுகளை உண்டபின் 14 வயதுச் சிறுமி உயிரிழந்தார்; மேலும் பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர்.

கெட்ட இறைச்சியை உண்டுவிட்டால்

வாந்தி, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு ஆகியவை அரை மணி நேரத்திலும் தொடங்கலாம். சில கிருமிகளால் சில நாள்கள் கழித்தும் தொடங்கலாம். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் குறிப்பிட்டுள்ள அளவுக் காய்ச்சி ஆறிய நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். சிறுநீரக நோய், இதய நோய் உள்ளோருக்கு நீரின் அளவை மருத்துவரிடம் கேட்டறியுங்கள். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையைத் தாமாக வாங்கித் தர வேண்டாம்.

பின்வருவனவற்றுள் ஏதேனும் இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்:

• மலத்தில் இரத்தம்
• 102 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல்
• நீர்கூடத் தங்காத தொடர் வாந்தி
• சிறுநீர் குறைதல், மயக்கம், சோர்ந்து உறங்கிக்கொண்டே இருத்தல்
• 3 நாளுக்கு மேல் நீடிக்கும் வயிற்றுப்போக்கு

மேற்குறித்த எளிதில் பாதிக்கப்படுவோருக்கு இவ்வடையாளங்கள் தோன்றும்வரை காத்திராமல், வயிற்றுப்போக்கு தொடங்கியதுமே மருத்துவரை அணுகுங்கள். நோயாளி உள்நோயாளியாக இருப்பின், அவர் உண்டது என்ன என்பதை மறைக்காமல் செவிலியரிடம் கூறுங்கள். சிகிச்சைக்கு அத்தகவல் தேவை.

அவசர ஊர்திக்கு: 108
மருத்துவ ஆலோசனைக்கு: 104

ஐயம் தீராத இறைச்சியை அகற்றிவிடுங்கள். அரைக் கிலோ கறியின் விலையைக் காட்டிலும், அதனால் வரும் மருத்துவமனை நாள்களின் விலை பெரிது.