கதவைத் தட்டி வந்த கொலைகாரர்

சீரியல் கில்லர்னு சொன்னதும் இருட்டு, கத்தி, முகமூடினுதானே நினைப்போம்? ஹரால்ட் ஷிப்மன் பட்டப்பகல்ல கதவைத் தட்டித்தான் வந்தார். மான்செஸ்டர் பக்கத்துல ஹைட் என்ற ஊரின் குடும்ப டாக்டர் அவர். குறி, பெரும்பாலும் வயசான பெண்கள். ஆயுதம், அளவுக்கு மீறிய டயமார்ஃபின் ஊசி. இறப்புச் சான்றிதழையும் அவரே எழுதுவார். இல்லாத நோயை ரெக்கார்டில் பழைய தேதி போட்டுச் சேர்ப்பார்.

1998 மார்ச்சில், பக்கத்து கிளினிக் டாக்டர் ஒருவர் சந்தேகத்தைக் கிளப்பினார். போலீஸ் விசாரித்து, ஒண்ணுமில்லைனு மூடிட்டாங்க. பெத்திடின் போதைக்காகப் போலி மருந்துச்சீட்டு எழுதி, 1976லேயே தண்டனை வாங்கியவர் அவர். அதைக்கூடப் பார்க்கலை. அதுக்கப்புறம் இன்னும் மூணு பேரைக் கொன்றார்.

கடைசியில் மாட்டிவிட்டது ஒரு போலி உயில். இறந்த 81 வயதுப் பெண்ணின் மகள் ஒரு வக்கீல், அவருக்குப் பொறிதட்டியது. உடலைத் தோண்டி எடுத்தால், உள்ளே டயமார்ஃபின். ரெக்கார்டை எப்போ திருத்தினார்னு கம்ப்யூட்டரும் காட்டிக்கொடுத்தது.

2000ல் 15 கொலைகளுக்கு ஆயுள் தண்டனை. பிறகு நடந்த அரசு விசாரணை கண்டுபிடித்த எண்ணிக்கை 215. ஏன் கொன்றார்? சொல்லாமலே 2004ல் சிறையில் தற்கொலை செய்துகொண்டார். ஆனா எப்படி முடிஞ்சதுங்கிறதுக்குப் பதில் இருக்கு: டாக்டர் கையெழுத்துப் போட்டால், யாரும் திருப்பிக் கேட்கலை.